ஆப்பிள் 'சைடர்': கொதித்த பிறகே குடிக்கலாம்!

அமெரிக்காவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். மரங்களின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். ஆப்பிள் அறுவடையும் அப்போதுதான்.

விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் ஆப்பிள் தோட்டத்துக்குப் போவார்கள். அங்கேயே சாறு பிழியும் ஆலை இருக்கும். ஆப்பிளை நசுக்கி, துணியில் வைத்துக் கட்டி, அழுத்திப் பிழிவார்கள். பழுப்பு நிறத்தில் சாறு கொட்டும். அதுதான் 'சைடர்'!

மதுவா? பழச்சாறா?

இங்கிலாந்தில் சைடர் என்றால் மது. அமெரிக்காவில் அப்படி அல்ல. வடிகட்டாத ஆப்பிள் சாறுதான் சைடர். புளித்து மதுவானால், அதற்கு 'ஹார்டு சைடர்' என்று பெயர். அமெரிக்காவின் 2-வது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், தினமும் காலையில் ஒரு குவளை குடித்தது அந்த மதுவைத்தான்.

பச்சைச் சாற்றைச் சில நாட்கள் அப்படியே விட்டால் போதும். தானாக நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும்.

குழந்தை பலி

இந்தச் சாறு ஓர் உயிரையும் வாங்கியிருக்கிறது.

1996-ம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும், காய்ச்சாத ஆப்பிள் சாற்றைக் குடித்த சுமார் 70 பேர் நோயில் விழுந்தார்கள். 14 பேருக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டது. கொலராடோ மாநிலத்தில் 16 மாதக் குழந்தை ஒன்று இறந்துவிட்டது!

காரணம், 'ஈ கோலை' என்ற கிருமியில் ஒரு கொடிய வகை. இது மாட்டின் குடலில் வாழ்வது. சாணம் கிடக்கும் தரையில் விழுந்த பழத்தைக் கழுவாமல் பிழிந்தால், கிருமி சாற்றில் கலந்துவிடும்.

"புளிப்பில் கிருமி செத்துவிடாதா?" என்று கேட்கலாம். சாகாது. 1991-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 23 பேர் இதே நோயால் பாதிக்கப்பட்டார்கள். உடனே ஆராய்ந்து பார்த்தார்கள். குளிர்பெட்டியில் வைத்த சாற்றில்கூட, கிருமி 20 நாட்கள் உயிரோடு இருந்தது!

1998-ல் அமெரிக்க அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. கிருமி நீக்காத சாறு என்றால், 'குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து' என்று புட்டியில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும்.

ஆனால் கிருமிக்கு எமன் நெருப்பு. 71 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சில வினாடிகளில் அது மடிந்துவிடும். ஆகவே, அடுப்பில் வைத்துச் செய்யும் பானமே நல்லது.

செய்முறை

தேவையானவை: சைடர் 2 லிட்டர், பட்டை 2 துண்டு, கிராம்பு 8, இஞ்சி சிறு துண்டு, ஆரஞ்சுப் பழம் 1.

ஆரஞ்சை நன்றாகக் கழுவி, தோலோடு வட்டமாக நறுக்குங்கள். எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். இறக்கி வடிகட்டி, சூடாகக் கொடுங்கள். சர்க்கரை தேவையில்லை. பழத்தின் இனிப்பே போதும்.

பட்டையும் கிராம்பும் நமக்குப் புதியவை அல்லவே! பட்டைக்குப் பேர் போன நாடு இலங்கை. கிராம்பு நம் கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் விளைகிறது.

குளிர்ந்த 'காக்டெயில்'

மேலே சொன்ன பானத்தை ஆறவைத்துக் குளிரச் செய்யுங்கள். அரைத் தம்ளர் பானம், அரைத் தம்ளர் ஜிஞ்சர் சோடா, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேருங்கள். மேலே ஒரு மெல்லிய ஆப்பிள் துண்டு. அவ்வளவுதான்!

அங்கே பெரியவர்கள் இதில் ரம் அல்லது விஸ்கி கலப்பதுண்டு. அது இல்லாவிட்டாலும் ருசிக்குக் குறைவில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பட்டை மணம் வந்தவுடனே குழந்தை தம்ளரை நீட்டும். அவசரப்படாதீர்கள். மணம் வந்தால் போதாது. கொதி வர வேண்டும்!