வேனில் வெப்பமும் உழைப்போர் உடலும்

குற்றாலம் என்ற அளவில் சாரலும் தென்றலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அச்சாரல் ஆனித் திங்களை ஒட்டி வருவது. பங்குனியும் சித்திரையும் அருவிகள் மெலியுங் காலம். அக்காலத்தே தென்காசி வட்டாரத்துச் செங்கற்சூளைகளிலும், வயல்களிலும், சாலைப் பணிகளிலும் உழைப்போர்க்கு அருவியின் அண்மை யாதொரு காவலும் தருவதில்லை.

வெப்பம் உடலை வருத்துமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். நம் உடற்சூடு 37 பாகை செல்சியஸ் அளவில் நிற்றல் வேண்டும். உழைக்குந்தோறும் தசைகள் புதுச்சூட்டைப் பிறப்பிக்கின்றன. அருவியில் நீராடிக் கரையேறியவன் காற்றுப் பட்டவுடன் நடுங்குகின்றான். மேனியிலுள்ள நீர் ஆவியாகுங்கால் உடற்சூட்டைக் கவர்ந்து செல்வதே அதற்குக் காரணம். வியர்வை செய்யுந் தொழிலும் அதுவே. காற்றில் ஈரம் மிகினும், காற்றோட்டம் அற்றாலும், உடலில் நீர் குன்றினும் அத்தொழில் தடைப்படும். அப்போது தலைவலி, மயக்கம், தசைப்பிடிப்பு முதலியன தோன்றும். உடற்சூடு 40 பாகையைக் கடந்து அறிவு தடுமாறுமாயின் உயிர்க்கே இறுதி நேரும். நீர் வற்றிய உடலோடு நாடோறும் உழைப்பவர்க்குச் சிறுநீரகமும் பழுதுறும்.

நகரத்தார்க்கும் இத்துன்பம் உண்டு. தார்ச்சாலையும் காரைக் கூரையும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் உமிழ்தலின், உறக்கத்திலும் உடல் ஆறுவதில்லை. முதியோர் பெரிதும் நலிவர்.

நீர் பருகுக என்று அறிவுரை கூறுதல் எளிது. ஆனால், அறுத்த கல்லின் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவன் நிழலில் ஒதுங்கினால் கூலி குறையும். மறைவிடம் இல்லாத களத்தில் பெண்கள் நீர் பருகவே அஞ்சுவர். ஆதலின் நிழல், குடிநீர், கழிப்பிடம், கூலி குறையாத ஓய்வு ஆகியவற்றை அளித்தல் வேலை கொள்வோர் கடமையேயன்றி இரக்கமன்று. புதிதாக வெயிலில் இறங்குவோர்க்கு முதற்சில நாட்கள் வேலையைக் குறைத்தலும் இன்றியமையாதது. உடல் வெம்மைக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். நம் முன்னோர் பருகிய நீராகாரமும் உப்பிட்ட நீர்மோரும் இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே ஈடுசெய்வன.

எவரேனும் வெயிலில் நிலைதடுமாறி வீழ்ந்தால், நிழலுக்குக் கொணர்ந்து, ஆடையைத் தளர்த்தி, மேனி முழுதும் நீர் தெளித்து விசிறுக. நினைவிழந்தார் வாயில் நீர் ஊற்றற்க. 108 ஊர்தியை உடனே அழைக்க.

தமிழ்நாட்டரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிர் நீத்தார் குடும்பத்திற்கு நிவாரணமும் வகுத்தது. அது சாவுக்குப் பின்வரும் உதவி. சாவைத் தடுக்கும் உதவியோ ஒரு கீற்றுப் பந்தலிலும் ஒரு குடம் நீரிலும் தொடங்குகின்றது. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவ நண்பர்கள் தத்தம் ஊர்க் களங்களில் இவ்விரண்டும் உளவாமாறு முயல்வார்களாக.