தமிழ் உரைப்பகுப்பில் சுருங்குறித்தொடரின் எல்லைகளும் மாற்றுவழிகளும்

திறவுச்சொற்கள்: சுருங்குறித்தொடர், யூனிகோடு, சொல்லடைவு, வேற்றுமை உருபு

முன்னுரை
மின்னுரையிலிருந்து சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளர் முதலில் நாடும் கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடர் ஆகும். ஸ்டீபன் கிளீனியின் 1956ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் வேர்கொண்ட இக்கருவியை உரைத்தேடலுக்கு ஏற்ப அமைக்கும் முறையைக் கென் தாம்ப்சன் 1968இல் வெளியிட்டார். தமிழுரையில் இதன் எல்லைகளை அறியாது பயன்படுத்தின், சொற்கணக்கே பிழைபடும். அவ்வெல்லைகளையும் அவற்றைக் கடக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் குறியெண்ணும்
யூனிகோடு முறையில் 'கி' என்னும் ஓரெழுத்து, ககரம், இகரக்குறி என இரு குறியெண்களால் ஆனது. பைத்தான் மொழியின் இயல்பான நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. ஆதலால் 'தமிழ்' என்னும் சொல் 'தம', 'ழ' என இரண்டாகச் சிதைகிறது. தமிழுக்குரிய குறியெண் தொகுதி 2944 முதல் 3071 வரை அமைந்துள்ளது. அதனுள் எழுத்துகளையும் துணைக்குறிகளையும் வெளிப்படையாகச் சுட்டின் இக்குறை நீங்கும். மேலும், 'கொ' என்பதன் துணைக்குறி ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதிவாகலாம். எனவே, தேடலுக்கு முன்னரே உரையை ஒரே வடிவுக்குச் சீராக்கல் வேண்டும்.

அடைப்புக்குள் அடைப்பு
அகராதிப் பதிவுகளில் ஓர் அடைப்புக்குறிக்குள் மற்றொன்று வருவதுண்டு. கோட்பாட்டு நிலையில் சுருங்குறித்தொடர் வரம்புற்ற நினைவுடையது; எத்தனை அடுக்காயினும் எண்ணி இணைசேர்க்க அதனால் இயலாது. இங்குக் குறிகளைப் பிரித்தெடுக்கும் பணியை மட்டும் அதற்கு அளித்து, திறந்தவற்றை அடுக்கில் இட்டு மூடும்போது எடுக்கும் பணியை நிரலிடம் விடுதல் தகும்.

சொல்லீறு
இரண்டாம் வேற்றுமைச் சொற்களை ஐகார ஈற்றைக் கொண்டு தேடின், 'மரத்தை' என்பதுடன் 'மழை' என்பதும் அகப்படும். கிடைத்தவற்றைப் பெயர்ச்சொற் பட்டியலுடன் ஒப்பிட்டு 'மழை' போன்றவற்றை விலக்கலாம். 'மரத்தை' என்பதிலோ உருபையும் அத்துச் சாரியையையும் நீக்கி, மகர ஈற்றை மீட்டு, 'மரம்' எனக் காணல் வேண்டும். ஆயினும் 'பாலை' என்பது நிலமா, உருபேற்ற 'பால்' என்னும் சொல்லா என்பதைப் பட்டியலும் தீர்க்காது. தொடரின் பொருளே தீர்க்கும்.

முடிவுரை
வடிவத்தைக் கண்டறிதல் சுருங்குறித்தொடரின் பணி. அமைப்பை அறிதல் நிரலின் பணி. பொருளைத் துணிதல் ஆய்வாளரின் பணி. இம்மூன்றையும் பிரித்துக்கொண்டு, ஐயத்திற்குரியவற்றைத் தனியே குறித்துவைப்பின், தொகுக்கப்படும் சொல்லடைவு நம்பத்தக்கதாகும்.