சாய்ஞ்சா மட்டும் இட்டாலிக் ஆகிடுமா?

வேப்பம்பட்டுல ரயில் ஏறி இறங்குற காலேஜ் மக்களே! ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ரெடியா? பைண்டிங்குக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்.

டைம்ஸ் நியூ ரோமன்ல இங்கிலீஷ் சின்ன 'ஏ' ஒண்ணு அடிங்க. சைஸை 72-க்கு ஏத்துங்க. இப்போ இட்டாலிக் பட்டனைத் தட்டுங்க. தலைக்கு மேல இருந்த கொக்கி காணோமா? நாம கையால எழுதுற உருண்டை 'ஏ' வந்துடுச்சா? அடுத்து சின்ன 'எஃப்' அடிச்சுப் பாருங்க. அதோட வால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

விஷயம் இதுதான். இட்டாலிக்ங்கறது நிமிர்ந்த எழுத்தைப் பிடிச்சுச் சாய்ச்சது இல்லை. தனியா வரைஞ்ச வேற எழுத்து!

பிறந்த இடம் இத்தாலி. பேரே அதனாலதான். வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ், 1501-ல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலோட கவிதைகளைக் கைக்கு அடக்கமான சைஸ்ல போட்டார். புத்தகம் முழுக்க இட்டாலிக்! அச்சு வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அறிஞர்கள் வேகமா எழுதுற கையெழுத்துதான் அவருக்கு மாடல். வேடிக்கை என்னன்னா, அதுல கேப்பிடல் எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நிக்கும். ஒரு வார்த்தையைத் தனிச்சுக் காட்ட இட்டாலிக் போடுற வழக்கமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

சரி, தமிழ்ல? நாமளும் அச்சுக்குப் புதுசு இல்லை. 1578-லேயே கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிடுச்சு. ஆனா, இட்டாலிக்னு ஒரு தனி மரபு நம்ம அச்சுல வளரலை. அதனால, பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல அந்தப் பட்டனைத் தட்டினா, இருக்கற எழுத்தையே கம்ப்யூட்டர் சரிச்சு வைக்குது. உருவம் மாறாது, சுழியும் வளைவும் கோணலாகறதுதான் மிச்சம்.

அப்போ ரிப்போர்ட்டுக்கு என்ன வழி? 'ஒரைசா சட்டைவா' மாதிரி உயிரியல் பெயர், ஜர்னல் பெயர் எல்லாம் இங்கிலீஷ்ல வந்தா தாராளமா இட்டாலிக் போடுங்க. தமிழ்ப் புத்தகத்தோட பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி போதும். அழுத்தம் வேணுமா? போல்டு இருக்கு. பத்தி முழுக்கச் சாய்ச்சுட்டு, படிக்கறவங்க கழுத்தையும் சாய்க்க வைக்காதீங்க, ப்ளீஸ்!

அதுக்காகத் தமிழுக்கு இட்டாலிக்கே வராதுன்னு இல்லை. கிரிஃபோ ஆரம்பிச்சது கையெழுத்துல இருந்துதானே? அது நம்மகிட்ட கொட்டிக் கிடக்கு. தாத்தா போட்ட போஸ்ட் கார்டு, பெயின்டர் கையால எழுதின கடை போர்டு, அவசர அவசரமா நீங்க எடுத்த லெக்சர் நோட்ஸ்... பேனா வேகமா ஓடும்போது எந்தச் சுழி சின்னதாகுது, எந்த வால் நீளுதுன்னு கவனிங்க. அதை வரைய ஃபான்ட்ஃபோர்ஜ்னு இலவச சாஃப்ட்வேரே இருக்கு. 247 எழுத்தான்னு மலைக்காதீங்க. 'கா', 'கே' மாதிரி நிறைய எழுத்து, இருக்கற துண்டுகளைச் சேர்த்தாலே வந்துடும்.

இன்னிக்கு 'க' ஒண்ணை மட்டும் வரைங்க. மத்ததெல்லாம் செமஸ்டர் லீவுல பார்த்துக்கலாம்!