இளம் உள்ளங்களுக்கு ஓர் இடம் வேண்டும்

 

உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு மகனோ மகளோ இருக்கலாம். அந்தப் பிள்ளையின் மனம் கலங்கும்போது அது எங்கே செல்கிறது என்று சிந்தித்ததுண்டா? தேர்வில் மதிப்பெண் குறைகிறது. நண்பன் பேசாமல் விலகுகிறான். வீட்டில் கடன் சுமை பேசப்படுகிறது. அப்போது அந்த இளம் உள்ளம் ஒதுங்கி நிற்க ஓர் இடம் தேடுகிறது. அந்த இடம் எதுவாக அமைகிறதோ, அதுவே அதன் குணத்தையும் வார்க்கிறது.

பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனுமொரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ரே ஓல்டன்பர்க் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வீடு முதலிடம், பணியிடம் இரண்டாமிடம், மனிதர்கள் உரிமையோடு கூடி மனம்விட்டுப் பேசும் பொதுவிடம் மூன்றாமிடம் என வகுத்துக் காட்டினார். மாணவனுக்குப் பள்ளிக்கூடமே பணியிடம். அங்கே மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறான். வீட்டிலோ அறிவுரையால் சூழப்படுகிறான். இவ்விரண்டுக்கும் அப்பால், "நீயும் எங்களில் ஒருவன்" என்று அவனை ஏற்கும் மூன்றாமிடம் எங்கே?

இதற்கான விடையைத் திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் காணலாம். குகைவாசிகளை அல்லாஹ் இளைஞர்கள் என்றே அறிமுகப்படுத்துகிறான் (18:13). ஊரே எதிர்த்து நின்றபோது அவர்கள் குகையில் ஒதுங்கினார்கள். இறைவன் தன் அருளை அவர்கள் மீது விரித்தான். அவர்களின் உள்ளங்களை உறுதிப்படுத்தினான். இரண்டு உண்மைகள் இங்கே கவனிக்கத்தக்கவை. அவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒத்த கொள்கையுடைய தோழமையும் இருந்தது. தனிமை மட்டும் நிம்மதி தந்துவிடாது. கூட்டம் மட்டும் உறவாகிவிடாது. இரண்டும் இணையும்போதுதான் இளம் உள்ளம் அமைதி பெறுகிறது.

மக்காவின் ஆரம்ப நாட்களில் ஸஃபா குன்றின் அருகிலிருந்த அர்கம் (ரலி) அவர்களின் இல்லம் அத்தகைய இடமாக விளங்கியது. செல்வத்தில் திளைத்து வளர்ந்த இளைஞர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் அந்த இல்லத்திற்குச் சென்றுதான் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பின்னர் மதீனாவுக்கு நபி (ஸல்) அவர்களால் அனுப்பப்பட்ட ஆசிரியராகவும் உயர்ந்தார்கள்.

622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்திற்குப் பின் எழுந்த மஸ்ஜிதுந் நபவியோ தொழும் இடமாக மட்டும் இருக்கவில்லை. வீடற்ற தோழர்கள் அதன் திண்ணையில் தங்கினர். அவர்களே திண்ணைத் தோழர்கள் எனப்பட்டனர். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மணமாகாத இளைஞராக இருந்தபோது பள்ளிவாசலிலேயே உறங்குவார்கள். ஒருமுறை அவர்கள் கண்ட கனவைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள், அவரை நல்ல மனிதர் எனப் பாராட்டி, இரவில் தொழுதால் இன்னும் சிறக்கும் என்றார்கள். அதன்பின் அவர் இரவில் சிறிது நேரமே உறங்கினார் (நூல்: புகாரி). பாருங்கள்! உறங்க வந்த இளைஞரை யாரும் விரட்டவில்லை. அந்த இடம் அவரை அணைத்தது. பாராட்டு அவரை உயர்த்தியது.

பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினர். இளவயதினரான ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களிக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் பொறுமையாக நின்று மறைத்துக்கொண்டார்கள். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சம வயது இளைஞர்களும் இருபது நாட்கள் நபியவர்களிடம் தங்கினர். அவர்கள் வீட்டை எண்ணி ஏங்குவதை நபியவர்களே உணர்ந்து, பின்னே விட்டுவந்த குடும்பத்தாரைப் பற்றி விசாரித்து, பரிவோடு திருப்பி அனுப்பினார்கள் (நூல்: புகாரி). சொல்லாத ஏக்கத்தையும் அறியும் பெரியவர் இருக்கும் இடமே இளைஞனுக்கு உரிய இடமாகிறது.

அன்பர்களே! இன்று நம் மஹல்லாக்களில் நிலை என்ன? தொப்பி அணியாமல் வந்தவனுக்கு ஒரு முறைப்பு; முதல் ஸஃப்பில் நின்ற சிறுவனுக்குப் பின்னால் செல் என்ற கட்டளை; ஹவுல் அருகே சிரித்தவனுக்கு அனைவர் முன்னிலையிலும் ஓர் அதட்டல். பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியைக்கூட விட்டுவிடச் சொல்லி, அவ்விடத்தில் நீரை ஊற்றச் செய்த நபியின் உம்மத் அல்லவா நாம்? நாம் விரட்டிய பிள்ளையைத் தெருமுனை வரவேற்கிறது. கைபேசியின் திரை வரவேற்கிறது. சில வேளைகளில் போதைப் பொருள் விற்பவனும் புன்னகையோடு வரவேற்கிறான். அந்தப் புன்னகை ஏன் நம்மிடம் இல்லாமற்போனது?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ரமழானில் நோன்புக் கஞ்சி பரிமாறும் பொறுப்பை இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். பொறுப்புப் பெற்றவன் அந்த இடத்தைத் தனதாகக் கருதுவான். பள்ளிவாசலின் ஒரு பகுதியில் நூலகமும் மாலை நேரப் படிப்பிடமும் அமையுங்கள். வாரம் ஒருநாள் இமாம் அவர்கள் பயான் செய்யாமல், பிள்ளைகள் பேசுவதைக் கேட்கட்டும்.

நம் பெண்மக்களை மறந்துவிடலாகாது. அல்லாஹ்வின் பள்ளிகளுக்கு வரும் பெண்களைத் தடுக்க வேண்டாம் என்பது நபிமொழி. ஆண் பிள்ளைக்கு மைதானமும் கடைத்தெருவும் உண்டு. மகளுக்குப் பல ஊர்களில் வீட்டின் நான்கு சுவர்களே எல்லை. பெண்கள் மதரஸாவை அவர்கள் கூடிப் படிக்கவும் தோழியரோடு மகிழவும் உகந்த இடமாக்குவது ஜமாஅத்தின் கடமை.

இல்லத்திலும் ஓர் இடம் ஒதுக்குங்கள். கண்பார்வை குன்றிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் வீட்டில் தொழுமிடம் அமைக்க விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் நேரில் சென்று, எவ்விடத்தை விரும்புகிறீர் என்று கேட்டு, அவர் காட்டிய மூலையில் தொழுவித்தார்கள் (நூல்: புகாரி). ஒரு பாய், ஒரு குர்ஆன், ஒரு விளக்கு போதும். அந்த மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை அந்நேரத்தில் ஏசாதீர்கள், வேலை ஏவாதீர்கள். அழுதால் அழட்டும். தன் இறைவனிடம் அழக் கற்றுக்கொண்ட பிள்ளை வழிதவறிப் போனாலும் திரும்பி வரும் பாதையை அறிந்திருக்கும்.

அர்ஷின் நிழல் பெறும் எழுவரில், இறைவணக்கத்தில் வளர்ந்த இளைஞரும் பள்ளிவாசல்களோடு உள்ளம் பிணைக்கப்பட்டவரும் உண்டு. பிள்ளையின் உள்ளம் அங்கே பிணைய வேண்டுமெனில், முதலில் அங்குள்ளோரின் உள்ளம் அவனுக்காகத் திறக்க வேண்டும்.

வல்ல நாயன் நம் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் நம் மக்களின் கண்குளிர்ச்சிக்கும் மன அமைதிக்கும் உரிய இடங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.