ஸ்பானிய 'அசூக்கர்' நம்ம சர்க்கரைக்குச் சொந்தமா?

காப்பிக் கடையில் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்டால் சீனி இல்லாமல் வரும். அதையே மாட்ரிட்டில் கேட்க "சின் அசூக்கர்" என்று சொல்லணும். 'சின்' என்றால் 'இல்லாமல்'.

'அசூக்கர்'... மெதுவாகச் சொல்லிப் பாருங்க. முன்னால் உள்ள 'அ'வை எடுத்துவிட்டால் சர்க்கரை மாதிரியே கேட்குதா? தற்செயல் இல்லை. இரண்டுக்கும் ஒரே வேர்.

அந்த வேர், சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா'. அதன் பழைய பொருள் பொடிக்கல், பருமணல். கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பதும் மணல்போல நறநறவென்றுதானே இருக்கும்! பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் அது சர்க்கரை. மேற்கே பாரசீகத்தில் 'ஷக்கர்', அரபியில் 'சுக்கர்'.

சரி, அந்த 'அ' எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் 'தி' இருப்பதுபோல் அரபியில் 'அல்' உண்டு. 'சுக்கர்' முன்னால் வரும்போது அது 'அஸ்-சுக்கர்' என்று ஒலிக்கும். ஸ்பெயினில் 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி 1492இல்தான் முழுமையாக முடிந்தது. கரும்பு பயிரிடும் வழக்கம் அந்தக் காலத்தில் அங்கே வேரூன்றியது. உள்ளூர் மக்கள் 'அஸ்-சுக்கர்' முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அரிசிக்கு 'அரோஸ்', எண்ணெய்க்கு 'அசெய்த்தே' எல்லாம் அதே கதைதான். இத்தாலிய 'சுக்கெரோ', ஆங்கில 'ஷுகர்' இரண்டிலும் அந்த 'அ' இல்லை.

இன்னொரு உறவும் இருக்கு. வெல்லத்தை ஆங்கிலத்தில் 'ஜாகரி' என்கிறோமே, அது கேரளக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் 'சக்கர' என்ற சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றியதால் வந்தது. ஆக, ஷுகரும் ஜாகரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

நாம் தினமும் சொல்லும் 'சீனி' இந்தக் குடும்பமில்லை. அது சீனாவின் பெயரை ஒட்டி வந்தது. மலாய் 'கூலா'வும் வேறு; அதன் வேர், வெல்லத்தைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் 'குட'.

1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார். அங்கே பெருகிய தோட்டங்களில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834இல் ஒழிக்கப்பட்ட பிறகு, பல கரும்புத் தோட்டங்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தேடின. மலாயாவிலும் அதுதான் நடந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையில், இன்றைய செபராங் பிறையில், தமிழர்கள் கப்பலில் வந்து இறங்கிக் கரும்பு வெட்டினார்கள். ரப்பர் தோட்டங்கள் வந்தது அதற்கு அப்புறம்தான்.