மிதிவண்டி விளக்கும் இரவுப் பயணமும்

இரவில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு விளக்கு இரண்டு பணிகளைச் செய்கிறது. சாலையில் உள்ள கல், குழி, மணல் ஆகியவற்றை அவருக்குக் காட்டுகிறது. எதிரே வருவோருக்கு அவரைக் காட்டுகிறது. மிகுந்த ஒளி தரும் விளக்கே சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால், ஒளியின் அளவைக் காட்டிலும் அது எங்கே விழுகிறது என்பதே பாதுகாப்பை முடிவு செய்கிறது.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்?

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 5.5 மீட்டர் கடக்கிறது. குழியைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். அதன்பின் உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்பதற்கு மேலும் 5 மீட்டர் வேண்டும். ஆகவே, ஏறத்தாழ 11 மீட்டருக்கு முன்பே குழி கண்ணில் பட்டாக வேண்டும். வேகம் 30 கி.மீ. எனில் இத்தொலைவு 20 மீட்டராகும். மழையில் நனைந்த சாலையில் இது இன்னும் கூடும்.

ஒளிக்கற்றையின் வடிவம்

கைவிளக்கைப் போன்ற விளக்குகள் ஒளியைக் கூம்பு வடிவில் பரப்புகின்றன. அக்கூம்பின் மேற்பகுதி மரக்கிளைகளிலும் எதிரே வருவோர் கண்களிலும் பாய்கிறது. கீழ்ப்பகுதி முன்சக்கரத்தின் அருகே மிகையாக விழுகிறது. அருகில் உள்ள வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால், தொலைவில் உள்ள குழி இருளில் மறைந்துவிடும்.

தொலைவு இருமடங்கானால், ஒரு பரப்பில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே, தொலைவுக்கு மிகுதியான ஒளியும் அருகில் குறைவான ஒளியும் செல்ல வேண்டும். மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் வெட்டப்பட்ட ஒளிக்கற்றை இதனைச் செய்கிறது. விளக்கினுள் உள்ள எதிரொளிப்பானோ வில்லையோ மேலே செல்லும் ஒளியைச் சாலைக்குத் திருப்புகிறது. விளிம்பை ஒட்டியே ஒளி மிகுந்திருக்கும்.

கூசும் கண்கள்

இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரெனப் பேரொளி பாய்ந்தால், பார்வை தெளியச் சில நொடிகள் ஆகும். அந்நொடிகளில் எதிரே வருபவருக்கு நம் விளக்கு தெரியும். நாம் எவ்வளவு தொலைவில், எப்பக்கமாக வருகிறோம் என்பது தெரியாது. அவர் தடுமாறினால் நாமும் விபத்துக்கு உள்ளாவோம். இக்காரணத்தால், மிதிவண்டி விளக்கும் பிறர் கண்களைக் கூசச் செய்யக் கூடாது என ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகள் கூறுகின்றன.

தேர்வும் பொருத்துதலும்

விளக்கின் உறையில் குறிக்கப்படும் லுமென், விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு. லுமெனை மட்டும் நோக்கி வாங்குவது போதாது. ஒளிக்கற்றையின் வடிவத்தையும் காண வேண்டும்.

நல்ல விளக்கும் தவறாகப் பொருத்தப்பட்டால் பயன் தராது. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துக. ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தில் முக்கால் பங்கு உயரத்தில் சுவரில் விழுமாறு சாய்த்திடுக. அவ்விளிம்பு 20 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும்.

நமக்கு வழிகாட்டும் ஒளி, எதிரே வருபவரின் வழியை மறைக்காதிருப்பதே சாலை அறம்.