அரியூர் தாண்டினால் தமிழ்நாடு, அப்புறம் மறுபடியும் புதுச்சேரி: இந்த எல்லை எப்படி வந்தது?

புதுச்சேரியில் விழுப்புரம் பஸ் ஏறினால் வில்லியனூர், அடுத்து அரியூர். இதுவரை புதுச்சேரி. அரியூரைத் தாண்டினால் கண்டமங்கலம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். 'சரி, புதுச்சேரி முடிஞ்சுது' என்று நினைத்தால் திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என மறுபடியும் புதுச்சேரி. அதற்குப் பிறகு வளவனூர், திரும்பவும் தமிழ்நாடு. ஒரே பஸ், ஒரே ரோடு. விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் எல்லையை மூன்று முறை கடந்தாகிவிட்டது.

சுமார் 290 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள புதுச்சேரிப் பகுதி ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது? இதைப் புரிந்துகொள்ள முதலில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

ஆறு கொடுத்த துறைமுகம்

செஞ்சி மலைப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருப்பதுதான் அரிக்கமேடு.

1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். மத்தியதரைக்கடல் நாடுகளின் மது ஜாடிகள், இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரங்கள், உள்ளூரில் தயாரித்த மணிகள் எல்லாம் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மாலுமிகள் 'பொதுகே' என்று குறித்த துறைமுகம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

துறைமுகம் ஏன் ஆற்றங்கரையில்? இந்தக் கடற்கரை நேர்கோடு மாதிரி திறந்து கிடக்கிறது. அலை வேகம் அதிகம். கப்பலும் படகும் ஒதுங்க ஆற்று வாய்தான் வசதி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றன. சரக்கு சலங்குப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தது. இன்றைய புதுச்சேரித் துறைமுகம் தேங்காய்த்திட்டில், அதே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே மணல் மேடு தட்டினால், இன்றும் மீன்பிடிப் படகுகள் வெளியே போக முடியாமல் திண்டாடுகின்றன.

கிராமம் கிராமமாக வந்த எல்லை

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்தபோது பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்தது கடலோரத்தில் ஒரு சிறு இடம். 1749 வாக்கில் நிலைமை மாறியது. ஆற்காடு நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிப்புக்கு பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படை உதவி செய்தார். அந்தக் கூட்டணியால் வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தன.

இங்கேதான் எல்லைப் புதிருக்கு விடை இருக்கிறது. அன்றைக்குக் கைமாறியது ஆற்றையோ மலையையோ எல்லையாக வைத்துப் பிரித்த நிலம் அல்ல. எந்தெந்த ஊரில் வரி வசூலிக்கலாம் என்ற உரிமை. அது கிராமம் கிராமமாக வந்தது. நடுவில் இருந்த ஊர் வேறு கணக்கில் இருந்தால், அது அப்படியே வெளியே நின்றுவிட்டது.

பிறகு ஆங்கிலேயர் பலமுறை பிடித்தார்கள், பலமுறை திருப்பிக் கொடுத்தார்கள். 1761-ல் புதுச்சேரி நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். 1783 செப்டம்பர் 3-ல் வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்தில், புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் இரண்டையும் பிரான்சுக்குத் தர வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டது. அமெரிக்க விடுதலையை பிரிட்டன் ஏற்றுக் கையெழுத்துப் போட்டதும் அதே நாளில்தான்!

அதற்குப் பின் வந்த போர்களில் மீண்டும் பறிபோன ஊர்கள், 1814 பாரீஸ் உடன்படிக்கையின்படி 1816-ல் திரும்பக் கிடைத்தன.

கீழூரில் நடந்த வாக்கெடுப்பு

இந்த ஊர்கள் எல்லைக்கோட்டைவிடப் பழையவை. பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதை 9-ம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு சொல்கிறது. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார்.

1947-ல் இந்தியா விடுதலை அடைந்ததும், இந்த வரப்புகள் இரண்டு நாடுகளுக்கு இடையிலான எல்லை ஆகிவிட்டன. 1954 மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 18-ல், வில்லியனூர் பகுதியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. நாட்டு எல்லை மறைந்தது. ஆனால் அதே கோடு மாநில எல்லையாகத் தங்கிவிட்டது.

இன்றைக்கு என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. ரேஷன் கார்டு, வண்டி நம்பர், பெட்ரோல் விலை, மதுவரி, மருத்துவக் கல்லூரி இட ஒதுக்கீடு எல்லாமே மாறும். கண்டமங்கலத்தில் அரசுப் பள்ளி மாணவர் படிப்பது தமிழ்நாடு பாடத்திட்டம். பக்கத்தில் அரியூரில் சிபிஎஸ்இ. ஆனால் பொண்ணு எடுப்பது, கொடுப்பது, சந்தை, குலதெய்வம் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான் நடக்கிறது.

தண்ணீருக்குக் கோடு தெரியாது

எல்லையின் உண்மையான சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அது தொடங்கும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊசுடு ஏரியில் ஒரு பாதி புதுச்சேரி, மறு பாதி தமிழ்நாடு. சங்கராபரணியின் வீடூர் அணையும் விழுப்புரம் மாவட்டத்தில்தான்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை ஓய்ந்த பிறகு பாகூர்ப் பகுதிக்கு இன்னொரு வெள்ளம் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர், தென்பெண்ணை வழியே வந்து ஊர்களுக்குள் புகுந்தது. அணையைத் திறப்பது ஒரு அரசு, மக்களை முகாமுக்கு அழைத்துப் போவது இன்னொரு அரசு. நடுவில் தகவல் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதில்தான் வீட்டுச் சாமான், ஆடு மாடு, நெல் எல்லாம் தப்புவது இருக்கிறது.

அதனால் மழைக்காலத்தில் பாகூர் பக்கம் இருப்பவர்கள் சாத்தனூர் அணை நிலவரத்தையும், வில்லியனூர் பக்கம் இருப்பவர்கள் வீடூர் அணை நிலவரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் தமிழ்நாட்டுச் செய்தி என்று கடந்துபோக முடியாது.